காஸ்மாஸ் பார்த்து முடித்தாயிற்று, இனி என்ன? பார்க்க, படிக்க, கேட்க ஒரு வழிகாட்டி

பதின்மூன்றாவது பகுதி முடிந்து பெயர்கள் ஓடும்போது மனசுக்குள் ஒரு வெறுமை வரும். கல்யாணம் முடிந்து பந்தலைப் பிரித்த மறுநாள் வீடு இருக்குமே, அந்த மாதிரி. அமெரிக்க வானியலாளர் கார்ல் சேகனின் காஸ்மாஸ் என்ற அறிவியல் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்து முடித்த அன்று எனக்கும் அப்படித்தான் இருந்தது. உடனே கை ரிமோட்டைத் தேடியது. விண்வெளி என்று தட்டினேன், ஆவணப்படங்கள் வரிசையாக வந்து நின்றன. முதலில் கிடைத்ததைப் போட்டேன். கிராஃபிக்ஸ் பிரமாதம். கருந்துளை ஒன்று திரையையே விழுங்கியது. ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கட்டைக்குரல் 'இதுவரை யாரும் கண்டிராத' என்று மிரட்டிக்கொண்டே இருந்தது. இருபதாவது நிமிடத்தில் அணைத்துவிட்டேன்.

இன்னும் கொஞ்சம் நட்சத்திரம் வேண்டும் என்று நினைத்துத்தான் தேடினேன். உண்மையில் நான் தேடியது அந்த மனிதரின் பேச்சை. எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒரே ஒருவரிடம் சொல்வதுபோல, அவசரமில்லாமல், தனக்கே ஆச்சரியமாக இருப்பதை மறைக்காமல் பேசும் பேச்சு. அதற்குப் பிறகு எதை எடுத்தாலும் 'யார் பேசுகிறார்கள், எப்படிப் பேசுகிறார்கள்' என்று பார்த்து எடுக்க ஆரம்பித்தேன். இந்த வழிகாட்டி அந்தக் கணக்கில் போட்டது. எது எந்தத் தளத்தில் கிடைக்கும் என்று மட்டும் சொல்லப் போவதில்லை. உரிமைகள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன, நான் இன்று எழுதுவது அடுத்த மாதமே பொய்யாகிவிடும்.

முதல் படி: நீங்கள் பார்த்தது எந்த காஸ்மாஸ்?

இந்தப் பெயரில் மூன்று தொடர்கள் இருக்கின்றன. 1980இல் அமெரிக்காவின் பிபிஎஸ் தொலைக்காட்சியில் சேகன் நடத்தியது முதலாவது. 2014இல் வானியற்பியலாளர் நீல் டிகிராஸ் டைசன் நடத்தியது இரண்டாவது. 2020இல் அவரே வந்து நின்றது மூன்றாவது. ஒவ்வொன்றும் 13 பகுதிகள். மூன்றிலும் மாறாமல் இருக்கும் பெயர் ஆன் ட்ருயன். முதல் தொடரை சேகன், ஸ்டீவன் சோட்டர் ஆகியோரோடு சேர்ந்து எழுதியவர். சேகன் 1996 டிசம்பரில் காலமான பிறகு அடுத்த இரண்டு தொடர்களையும் முன்னின்று உருவாக்கியவர்.

2014இல் வந்ததை மட்டும் பார்த்தவர்கள் வேறெங்கும் போக வேண்டாம், நேராக 1980க்குப் போங்கள். அட்டையில் செய்த மாதிரிகளும் மங்கலான படமும் முதல் அரைமணி நேரம் உறுத்தும். பிறகு பழகிவிடும். சேகனின் ஆங்கிலம் நிதானமானது, ஒவ்வொரு சொல்லையும் வைத்து வைத்துப் பேசுவார். சப்டைட்டில் போட்டுக்கொண்டால் ஆங்கிலம் அவ்வளவாகப் பழகாதவர்களும் தொடர்ந்து போகலாம். மாறாக, 1980ஐப் பார்த்துவிட்டு 2014க்கு வருகிறவர்கள் ஒரு மாதம் இடைவெளி விடுங்கள். உடனே பார்த்தால் மனசு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும், பாவம், டைசனுக்கு நியாயம் கிடைக்காது.

இரண்டாம் படி: இரண்டு பகுதிகளை மறுபடி பாருங்கள்

புதிதாக எதையும் தொடுவதற்கு முன் 1980 தொடரின் 10ஆம் பகுதியையும் 6ஆம் பகுதியையும் திரும்பப் பாருங்கள்.

10ஆம் பகுதியில் சேகன் தமிழ்நாட்டுக்கு வருகிறார். பொங்கல் பானை, மாடுகள், கோலம் எல்லாம் வருகின்றன. பிறகு கோயிலும் சோழர் கால நடராசர் செப்புத் திருமேனியும். முதல் தடவை பார்க்கும்போது 'அட, நம்ம ஊர்' என்ற சந்தோஷத்திலேயே அவர் சொல்வது காதில் விழாமல் போய்விடும். பிரம்மாவின் ஒரு பகலும் இரவும் சேர்ந்து 864 கோடி ஆண்டுகள் என்ற பழைய கணக்கு, இன்றைய வானியல் பேசும் கால அளவுகளுக்குப் பக்கத்தில் வருகிறதே என்று வியக்கிறார். தற்செயலாகத்தான் என்ற எச்சரிக்கையையும் மறக்காமல் சேர்க்கிறார். நம் ஆட்கள் பலர் முதல் பாதியை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். நீங்கள் முழுசாகப் பாருங்கள்.

அதே பகுதியில், விரியும் பிரபஞ்சம் ஒருநாள் சுருங்கி மறுபடி விரியுமா என்ற கேள்வியைத் திறந்தே விடுகிறார். 1998இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் சூப்பர்நோவா எனப்படும் தொலைதூர விண்மீன் வெடிப்புகளை அளந்து, விரிவின் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று கண்டுபிடித்தன. அதாவது தொடர் எங்கே நின்றதோ அங்கிருந்து கதை வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. இதுபோல இன்னும் சில இடங்கள் உண்டு. 1980இல் வேறொரு சூரியனைச் சுற்றும் கோள் ஒன்றுகூட உறுதியாகத் தெரியாது. சூரியனைப் போன்ற விண்மீனைச் சுற்றும் முதல் கோள் 1995இல் அறிவிக்கப்பட்டது, இன்று எண்ணிக்கை ஐந்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. இவையெல்லாம் அறிவியல் வளர்ந்ததால் வந்த மாற்றம். அலெக்சாந்திரியா நூலகமும் அந்த ஊரின் கணித அறிஞர் ஹைபேஷியாவும் வரும் காட்சிகளின் கதை வேறு. ஹைபேஷியா கி.பி. 415இல் கொல்லப்பட்டது உண்மை. ஆனால் அந்தக் கொலையையும் நூலகத்தின் அழிவையும் தொடர் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்வதை வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. பெரிய நூலகம் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தேய்ந்துவிட்டிருந்தது. பிடித்த ஆசிரியர் கரும்பலகையில் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டதைக் கண்டுபிடித்தால் வருமே, அந்தச் சங்கடம் எனக்கு வந்தது. அதற்காக ஆசிரியரை விட்டுவிட முடியுமா!

6ஆம் பகுதி எதற்கு என்றால், அதில்தான் நாசாவின் வாயேஜர் விண்கலம் வருகிறது. இந்தப் பகுதி ஒளிபரப்பானது 1980 நவம்பர் 2. பத்தே நாளில், நவம்பர் 12 அன்று, வாயேஜர் 1 சனிக் கோளைத் தொட்டுக்கொண்டு போனது. வீட்டில் உட்கார்ந்து தொடரைப் பார்த்தவர்களுக்கு அடுத்த வாரச் செய்தித்தாளே அடுத்த காட்சியாக வந்திருக்கிறது. அந்த இழையைப் பிடித்துக்கொள்ளுங்கள், நாலாம் படியில் வேண்டியிருக்கும்.

மூன்றாம் படி: ஒரு சின்னப் படம், ஒரு பெரிய தாத்தா

சின்னப் படம் முதலில். சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1977இல் எடுத்த 'பவர்ஸ் ஆஃப் டென்'. ஒன்பது நிமிடம்தான். சிகாகோவில் ஒரு பூங்காப் புல்வெளியில் ஆணும் பெண்ணும் விரிப்பில் படுத்திருக்கிறார்கள். கேமரா மேலே போகிறது. பத்து வினாடிக்கு ஒருமுறை தூரம் பத்து மடங்காகிறது. அண்டக் கூட்டங்கள் பொடியாகும் வரை போய், திரும்ப வேகமாக இறங்கி, படுத்திருப்பவரின் கையில் தோலுக்குள் நுழைந்து, அணுவின் கரு வரை போகிறது. கிராஃபிக்ஸ் வசதி இப்போது எவ்வளவோ மாறிவிட்டது, ஆனாலும் அளவு என்பதை இதைவிட எளிமையாகக் காட்டிய ஒன்றை நான் பார்த்ததில்லை. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

பெரிய தாத்தா என்றது 1973இல் பிபிசியில் வந்த 'தி அசென்ட் ஆஃப் மேன்' தொடரை. யாக்கோப் பிரனோவ்ஸ்கி என்ற கணிதவியலாளர் நடத்தியது, அதுவும் 13 பகுதிகள். அதைத் தயாரித்த ஏட்ரியன் மலோன்தான் பிறகு காஸ்மாஸை இயக்கினார். ஒருவர் நடந்துகொண்டே உலகத்தைச் சுற்றிக்காட்டி, தன் சொந்தக் கருத்தாகப் பேசும் பாணியின் வேர் இங்கே இருக்கிறது. இதில் விண்வெளி கொஞ்சம்தான். கல்லை உடைத்தது, கோதுமை விதைத்தது, உலோகத்தை உருக்கியது என்று மனிதன் கற்றுக்கொண்ட கதை.

எல்லாவற்றையும் பார்க்கப் பொறுமை இல்லையென்றால் 11ஆம் பகுதியையாவது பாருங்கள். அறிவு எப்போதும் நிச்சயமற்றது, 'எனக்கு எல்லாம் தெரியும்' என்று ஆட்சியில் இருப்பவன் சொன்னால் என்ன நடக்கும் என்பதைப் பேசிக்கொண்டே அவுஷ்விட்ஸ் வதைமுகாமின் குளத்தங்கரைக்கு வருகிறார். அவர் குடும்பத்தில் பலர் அந்த முகாமில் மாண்டவர்கள். சூட்டும் ஷூவுமாக அப்படியே தண்ணீருக்குள் இறங்கி, அடிச் சேற்றைக் கையில் அள்ளுகிறார். பின்னணி இசை கிடையாது. அந்த ஒரு நிமிடத்துக்குப் பிறகு அன்று இரவு நான் வேறு எதையும் பார்க்கவில்லை.

நாலாம் படி: வாயேஜரோடு ஒரு வாரம்

இந்தப் படியை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள். ஒரு வாரம் கொடுங்கள்.

தொடக்கம் 'தி ஃபார்தஸ்ட்', 2017இல் வந்த அயர்லாந்து நாட்டு ஆவணப்படம். இயக்கியவர் ஏமர் ரெனால்ட்ஸ். வாயேஜர் 2, 1977 ஆகஸ்ட் 20 அன்றும் வாயேஜர் 1 செப்டம்பர் 5 அன்றும் ஏவப்பட்டன. எண் குழப்புகிறதே என்று திகைக்க வேண்டாம், வியாழனுக்கு முதலில் போய்ச் சேரப்போவதற்கு 1 என்று பெயர். அந்தப் பொறியாளர்களும் விஞ்ஞானிகளும் வயதான காலத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள். வியாழனின் கதிர்வீச்சிலிருந்து கேபிள்களைக் காப்பாற்ற, கடையில் விற்கும் சமையலறை அலுமினியத் தாளை வாங்கிச் சுற்றிய கதை அதில் வருகிறது. நாம் சப்பாத்தி சுற்றி வைக்கும் அதே சாமான். சேகன் இதில் கொஞ்ச நேரம்தான் வருவார். ஆனால் இந்தத் தாத்தா பாட்டிகளின் பேச்சில் அவர் பேச்சின் வாசனை இருக்கிறது.

அடுத்து, வாயேஜரின் தங்கத் தட்டு, வேற்றுலகத்தவர் யாராவது கண்டெடுத்தால் கேட்கட்டும் என்று கலத்தில் ஏற்றி அனுப்பியது. சேகன் தலைமையில் தயாரித்த, தங்க முலாம் பூசிய 12 அங்குலச் செப்பு இசைத்தட்டு. 55 மொழிகளில் வணக்கம், 27 இசைத் துண்டுகள், நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். இதை யாரோ எழுதிய கட்டுரையில் படிப்பதைவிட காதால் கேட்பதுதான் சரி, ஒலிகள் இணையத்திலேயே கிடைக்கின்றன. ஹெட்போன் போட்டுக்கொண்டு இந்த வரிசையில் கேளுங்கள். முதலில் வணக்கங்கள். இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மராத்தி, சிங்களம் எல்லாம் வரும். தமிழுக்காகக் காத்திருக்காதீர்கள், இல்லை. நேரம் நெருக்கியதால் கார்னெல் பல்கலைக்கழகப் பக்கத்தில் யார் கிடைத்தார்களோ அவர்களை வைத்துப் பெரும்பாலும் பதிவு செய்தார்கள். சதி ஒன்றுமில்லை. ஆனாலும் கோள்களையெல்லாம் தாண்டிப் போன தட்டில் நம் 'வணக்கம்' விட்டுப்போனது எனக்கு இன்றும் ஒரு சின்ன முள்.

பிறகு கேசர்பாய் கேர்க்கர் பாடிய 'ஜாத் கஹான் ஹோ'. தட்டில் இருக்கும் ஒரே இந்திய இசை. பைரவி ராகம், மூன்றரை நிமிடம். சிந்துபைரவி கேட்டுப் பழகிய காதுக்கு அந்நியமாக இருக்காது. 'தனியாக எங்கே போகிறாய்' என்று கேட்கும் பாட்டை, திரும்பி வரவே போகாத ஒரு கலத்தில் ஏற்றியிருக்கிறார்கள். வாயேஜர் 1 கிளம்பிப் பதினொரு நாளில், செப்டம்பர் 16 அன்று, கேசர்பாய் காலமானார்.

கடைசியில் பார்வையற்ற வில்லி ஜான்சன் சொல்லே இல்லாமல் முனகும் ப்ளூஸ், அதைத் தொடர்ந்து பேத்தோவனின் நால்வர் இசைத் துண்டு. தட்டு அதோடு முடிகிறது. நடுவில் சக் பெர்ரியின் ராக் பாட்டும் உண்டு, அதை எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். இந்தத் தட்டின் படைப்பு இயக்குநராக இருந்தவர் ஆன் ட்ருயன்தான். அவருடைய மூளை அலைகளையும் பதிவு செய்து சேர்த்தார்கள். பதிவுக்குச் சில நாள் முன்புதான் அவரும் சேகனும் கல்யாணம் செய்துகொள்வது என்று தொலைபேசியில் முடிவெடுத்திருந்தார்கள். காதல் வயப்பட்ட ஒரு பெண்ணின் மூளை எழுப்பிய மின்துடிப்பு இப்போது விண்மீன்களுக்கு இடையில் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு சினிமாக்காரர் இப்படி எழுதியிருந்தால் 'ரொம்ப ஓவர்' என்றிருப்போம்.

வாரத்தின் கடைசி நாள் ஒரு படத்தைப் பாருங்கள், நிழற்படம். 1990 பிப்ரவரி 14 அன்று வாயேஜர் 1 சுமார் 600 கோடி கிலோமீட்டர் தூரத்திலிருந்து திரும்பி எடுத்தது. ஒளிக்கீற்று ஒன்றில் ஒரு புள்ளி. அது பூமி. இந்தப் படத்தை எடுக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் சேகன். போனில் பார்க்காதீர்கள், பெரிய திரையில் பாருங்கள். முதலில் தூசி என்று நினைத்துத் துடைக்கப் போவீர்கள்.

ஐந்தாம் படி: விளக்கவுரை இல்லாத நிலா

ஒரே ஒருவர் பேசுவதைக் கேட்டாயிற்று. இப்போது யாருமே விளக்கிச் சொல்லாத படங்கள்.

டாட் டக்ளஸ் மில்லர் 2019இல் வெளியிட்ட 'அப்பல்லோ 11' படத்தில் விவரிப்பாளர் கிடையாது, பேட்டி கிடையாது. அமெரிக்க ஆவணக் காப்பகத்தில் கிடந்த பெரிய அளவு ஃபிலிம் சுருள்களைக் கண்டெடுத்து, 1969இல் பதிவான ஒலிகளை வைத்துத் தொகுத்திருக்கிறார். வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தின் குளிர்கண்ணாடிகள்கூட நேற்று எடுத்ததுபோலத் தெரியும். அதைப் பார்த்த பிறகு 1989இல் வந்த 'ஃபார் ஆல் மேன்கைண்ட்'. இது நிலவுக்குப் போன பல பயணங்களின் காட்சிகளைக் கலந்து ஒரே பயணமாக ஆக்கியது. துல்லியம் தேடுபவர்களுக்கு உறுத்தலாம். எனக்கு இதுதான் இரண்டில் நெருக்கம், போய்வந்தவர்களே தங்கள் நினைவைப் பேசுவதால். இசை பிரையன் ஈனோ.

இந்த இரண்டும் பிடித்துப்போனால் உங்களுக்கு ஒரு ஆபத்தான இணையதளம் இருக்கிறது: 'அப்பல்லோ இன் ரியல் டைம்'. நிலவுப் பயணத்தின் ஒவ்வொரு நிமிடத்தையும் அது நடந்த நேரக் கணக்கிலேயே ஓடவிடும். அப்பல்லோ 11க்கு மட்டும் கட்டுப்பாட்டு அறை ஒலி ஏறத்தாழ 11,000 மணிநேரம் சேர்த்து வைத்திருக்கிறார்கள். எந்த மேசையில் யார் பேசினார்கள் என்று தனித்தனியாகக் கேட்கலாம். காபி வேண்டுமா என்று யாரோ கேட்பது வரை. ஞாயிற்றுக்கிழமை காலை திறந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பீர்கள், சொல்லிவிட்டேன்.

ஆறாம் படி: படிக்க

'காஸ்மாஸ்' புத்தகமாகவும் இருக்கிறது, தொடர் வந்த 1980ஆம் ஆண்டிலேயே வந்தது, 13 அத்தியாயங்கள். தொடரை இப்போதுதான் பார்த்தீர்கள் என்றால் அதை ஆறு மாதம் தள்ளிப் போடுங்கள். உடனே படித்தால் பழைய சோறு மாதிரி இருக்கும். மறந்த பிறகு படித்தால் அதன் உரைநடை தனியாக ருசிக்கும்.

முதலில் எடுக்க வேண்டியது சேகனுடைய 'பேல் ப்ளூ டாட்', 1994. நாலாம் படியில் பார்த்த அந்தப் புள்ளியிலிருந்து தொடங்குகிறது. முதல் அத்தியாயம் சில பக்கங்கள்தான், அதை மட்டும் சத்தமாகப் படித்துப் பாருங்கள். அடுத்தது 'தி டீமன் ஹான்டட் வேர்ல்ட்', 1995. இதில் விண்வெளி குறைவு. ஒரு செய்தி உண்மையா புரட்டா என்று சோதிப்பது எப்படி என்பதுதான் விஷயம். என் கார் ஷெட்டில் நெருப்பு கக்கும் டிராகன் இருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாது, தொட முடியாது, சூடும் தெரியாது என்று ஒருவர் சொன்னால் அதற்கும் டிராகனே இல்லை என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருக்கிற எல்லோருக்கும் அவசியமான நூல். நாவல் படிப்பவர்களுக்கு 'கான்டாக்ட்', 1985. அது 1997இல் ஜோடி ஃபாஸ்டர் நடிக்கப் படமாகவும் வந்தது. படத்தின் முதல் சில நிமிடங்களைக் கண்டிப்பாகப் பாருங்கள், இன்னும் சரியாகச் சொன்னால் கேளுங்கள். பூமியிலிருந்து விலக விலக வானொலிச் சத்தங்கள் பழசாகிக்கொண்டே போய், கடைசியில் ஒன்றுமே இல்லாமல் ஆகும்.

ஆங்கிலம் சிரமம் என்பவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிட வேண்டாம். தமிழில் இருப்பது வேறு வகை. சேகன் மாதிரி பிரபஞ்சத்தையே கைக்குள் அடக்கிப் பேசுவது குறைவு, ஆனால் விண்வெளிப் பணியின் உள்ளே இருந்தவர்கள் எழுதியது உண்டு. அப்துல் கலாமின் 'அக்னிச் சிறகுகள்' கேரளத்தின் தும்பாவில் தேவாலயக் கட்டடம் ஆய்வுக்கூடமாக மாறிய நாட்களையும், ராக்கெட் விழுந்த தோல்விகளையும் மறைக்காமல் சொல்கிறது. அதை மேற்கோள் புத்தகமாகப் படித்துக் கெடுத்துவிட்டோம். நடுவில் வரும் எஸ்எல்வி ராக்கெட் அத்தியாயங்களைப் பொறியியல் கதையாகப் படித்துப் பாருங்கள். சந்திரயான் 1 திட்டத்தை நடத்திய மயில்சாமி அண்ணாதுரையின் 'கையருகே நிலா' அடுத்தது, 2008இல் அந்தக் கலம் போனதன் பின்னணி. சந்தேகம் கேட்கும் பழக்கம் வர சுஜாதாவின் 'ஏன்? எதற்கு? எப்படி?' கேள்வி பதில்கள். சில பதில்கள் பழசாகிவிட்டன, தொனி பழசாகவில்லை.

ஏழாம் படி: கேட்க

பேருந்திலும் சமையலறையிலும் கேட்க இரண்டு பாட்காஸ்ட் போதும். பிபிசி உலக சேவை 2019இல் தொடங்கிய '13 மினிட்ஸ் டு தி மூன்', மருத்துவர் கெவின் ஃபாங் நடத்தியது. நிலவில் இறங்குவதற்கு முந்தைய 13 நிமிடங்களை ஒரு முழுப் பருவமாக விரிக்கிறார். கணினி 1202 என்ற எச்சரிக்கையைக் காட்டும்போது அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்த ஆள் யார், அவருக்கு என்ன வயது என்பதெல்லாம் வரும். இரண்டாவது, 'பிளானட்டரி ரேடியோ'. சேகன் 1980இல் நண்பர்களோடு தொடங்கிய பிளானட்டரி சொசைட்டி, 2002 முதல் வாராவாரம் வெளியிடுவது. இது கொஞ்சம் வளவள. விருப்பமான தலைப்பு வந்தால் மட்டும் கேளுங்கள்.

அதோடு பேச்சில்லாத ஒலிகள். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: 'விண்வெளியின் சத்தம்' என்று யூடியூபில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை ரேடியோ அலைகளையோ வேறு அளவீடுகளையோ காதுக்கு ஏற்ப மாற்றியவை. வெற்றிடத்தில் சத்தம் ஏது! ஆனால் 2021இல் செவ்வாயில் இறங்கிய பெர்செவரன்ஸ் வண்டியில் நிஜமான மைக் இருக்கிறது. அது அனுப்பிய காற்றொலி மாற்றப்பட்டதல்ல, இன்னொரு கோளின் காற்றே. மாற்றிய ஒலிகளில் இரண்டைச் சொல்வேன். வேலா துடிவிண்மீன் நொடிக்கு 11 தடவை அடிக்கும், தவில்காரர் கடைசிச் சுற்றில் ஏறுவதுபோல. இன்னொன்று 2015 செப்டம்பர் 14 அன்று பதிவான ஈர்ப்பலை. இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றானதன் அதிர்வு சுமார் 130 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்து, ஒரு சின்னக் 'குளுக்'கோடு முடிகிறது.

இசை என்று கேட்டால், தொடரின் முகப்பு இசை வாங்கெலிஸின் 1975ஆம் ஆண்டுத் தொகுப்பான 'ஹெவன் அண்ட் ஹெல்'லிலிருந்து எடுத்தது. அங்கே தொடங்கி அவருடைய 'அல்பீடோ 0.39'க்குப் போங்கள். பிறகு ஈனோவின் 'அப்பல்லோ'. போதும்.

எட்டாம் படி: இப்போது நடப்பதைப் பாருங்கள்

நாசா 'டிஎஸ்என் நௌ' என்று ஒரு இணையப் பக்கம் வைத்திருக்கிறது. அமெரிக்காவின் கோல்ட்ஸ்டோன், ஸ்பெயினின் மத்ரித், ஆஸ்திரேலியாவின் கான்பெரா ஆகிய மூன்று இடங்களில் இருக்கும் ராட்சத ஆண்டெனாக்கள் இந்த நிமிடம் எந்தக் கலத்தோடு பேசுகின்றன என்று காட்டும். வாயேஜர் 2 தென்வானத்தில் இருப்பதால் கான்பெராவால் மட்டுமே அதோடு பேச முடியும். ஒருநாள் இரவு தூக்கம் வராமல் திறந்தேன். கான்பெராவின் ஒரு தட்டுக்கு மேல் அதன் பெயர் மினுங்கிக்கொண்டிருந்தது. கிட்டத்தட்ட என் வயசு இயந்திரம்.

வாயேஜர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஓடும் எண்ணைக் காட்டும் பக்கமும் உண்டு. வருடத்தில் சில மாதம் பூமியிலிருந்து அதன் தூரம் குறைந்துகொண்டே வரும். திரும்பி வருகிறதா என்று பதறாதீர்கள். வாயேஜர் 1 நொடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் போகிறது, பூமி சூரியனைச் சுற்றி 30 கிலோமீட்டர் ஓடுகிறது. நாம் அதன் பக்கமாக ஓடும் மாதங்களில் நாம்தான் நெருங்குகிறோம்.

கடைசிப் படி: மொட்டை மாடி

காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது, ஜவ்வாது மலையில். 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, அந்தக் கோளுக்கு வளையங்கள் இருப்பது தெரியவந்தது. அந்த மறைவை அளந்த இடங்களில் காவலூரும் ஒன்று. வாயேஜர் 2 அந்த வளையங்களைப் பக்கத்தில் பார்த்தது 1986இல்தான். பார்வையாளர்களை அனுமதிக்கும் நாளையும் நேரத்தையும் விசாரித்துவிட்டுப் போய்வாருங்கள். சென்னைக்காரர்களுக்குக் கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கம் பக்கம்.

எங்கும் போக முடியாதவர்களுக்கு மார்கழி, தை இரவுகள் போதும். எட்டு மணிக்குக் கிழக்கே பாருங்கள். மூன்று விண்மீன்கள் ஒரே கோட்டில் நிற்கும், அது ஓரியன் கூட்டத்தின் இடுப்பு. அதற்கு வடக்கே, இடது கைப் பக்கமாக, சிவந்து ஒன்று இருக்கும். அதுதான் திருவாதிரை, ஆங்கிலத்தில் பீட்டல்ஜூஸ். 10ஆம் பகுதியில் சேகன் பார்த்து நின்றாரே, அந்த நடராசரின் விண்மீன். 9ஆம் பகுதியில் அவர் சொல்லும் சிவப்பு அரக்கர்களில் ஒன்று, வயசாகி ஊதிப்போனது, ஒருநாள் வெடிக்கப் போவது. நாம் பார்க்கும் ஒளி அங்கிருந்து கிளம்பி சில நூற்றாண்டுகள் ஆகின்றன.

ஆருத்ரா தரிசனத்தன்று மட்டும் பார்க்கப் போகாதீர்கள், முழுநிலவு அதன் பக்கத்திலேயே நின்று வானத்தை வெளுக்க வைத்துவிடும். ஒரு பத்து நாள் கழித்துப் போங்கள், நிலவு நடுராத்திரிக்கு மேல்தான் எழும். மாடி விளக்கை அணைத்துவிட்டு இருபது நிமிடம் சும்மா இருங்கள், கண் இருட்டுக்குப் பழகட்டும். அன்றைக்குக் காதில் எதையும் மாட்டிக்கொள்ள வேண்டாம்.